ஆட்கொணர்வு மனுவும் மேன்முறையீட்டு நாட்கணக்கும்

பிறேஸ்கேடில் வழக்கு என்றால் எம் பழைய மாணவருள் மூத்தோர்க்கு உடனே விளங்கும். இளையோர்க்காக இரண்டொரு வார்த்தை சொல்ல வேண்டும். அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத் தொழில் பழக வந்து, பின் தொழிலாளர் பக்கஞ் சேர்ந்து பேசிய அவ்விளைஞரை நாடுகடத்துமாறு 1937ஆம் ஆண்டு தேசாதிபதி ஸ்ரப்ஸ் கட்டளையிட்டார். அவர் கைதானதும் ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றில் தாக்கலாயிற்று. பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ் முதலிய மூவர் விசாரணைக்கு அமர்ந்தனர். எச். வி. பெரேரா மனுதாரருக்காக வாதாடினார். தேசாதிபதியின் கட்டளை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. இளைஞர் விடுதலை பெற்றார்.

இது வென்ற மனுவின் கதை. சட்டம் படித்தோரும் படியாதோரும் இதனைச் சொல்லி மகிழ்வர். தோற்ற மனுவின் கதையை எடுத்துரைப்பார் அரியர். ஆயினும் சிறையிலிருந்து எழுதப்படும் இத்தகைய மனுக்களுட் பெரும்பாலானவை தள்ளப்படுபவையே. தள்ளப்பட்டபின் மறியற்காரன் செய்வதென்ன? மேல் நீதிமன்றுக்குப் போவான் என்று எளிதிற் சொல்லிவிடலாம். போகும் வழி எத்தகையதென்பதை ஐக்கிய அமெரிக்காவின் சில வழக்குகளைக் கொண்டு விளக்கப் புகுகின்றோம். அந்நாட்டைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே மாநில நீதிமன்றொன்றினால் தண்டிக்கப்பட்டவர், தம் தண்டனை அரசியலமைப்புக்கு மாறானது என்று காட்டி மத்திய அரசின் நீதிமன்றில் ஆட்கொணர்வு மனுச் செய்யலாம். ஆதலின் சிறைக் கூடங்களிலிருந்து கையெழுத்தாக வரும் மனுக்கள் அங்கு மிகுதி. அவை பற்றிய தீர்ப்புக்களும் மிகுதி.

ஆட்கொணர்வு எழுத்தாணையின் இலத்தீன் பெயர்க்கு ‘உடலை நீ கொண்டிருப்பாயாக’ என்பது சொற்பொருள். சிறைகாவலனை விளித்து, நீ அடைத்து வைத்திருக்கும் ஆளை எம்முன் கொணர்ந்து, எந்த அதிகாரங் கொண்டு அடைத்தாய் என்று காட்டு என நீதிமன்று இடுங் கட்டளை அது. அடைபட்டவன் குற்றவாளியா அல்லனா என்பதன்று அங்கே நேர் வினா. அடைத்தது சட்டப்படியா என்பதே வினா.

இங்கிலாந்தில் நெடுங்காலம், குற்ற வழக்கிற் சிறைப்பட்டோரின் மனு தள்ளப்பட்டால் மேன்முறையீடு செய்ய இடமிருக்கவில்லை. அதற்கு ஈடாக, ஒரு நீதிபதி மறுத்தால் இன்னொரு நீதிபதியிடஞ் செல்லலாம், அவரும் மறுத்தால் வேறொருவரிடஞ் செல்லலாம் என்றொரு நம்பிக்கை வழங்கி வந்தது. 1958, 1959ஆம் ஆண்டுகளில் ஹேஸ்ரிங்ஸ் என்பாரின் வழக்குகளில் நீதிமன்றங்கள் அந்நம்பிக்கையைத் தகர்த்துவிட்டன. உடனே 1960ஆம் ஆண்டில் நீதி நிருவாகச் சட்டம் இயற்றப்பட்டது. புதிய சான்றின்றி அதே காரணத்தை மீண்டும் கொண்டுவருதலை அது தடுத்தது. தடுத்ததற்குப் பதிலாக மேன்முறையீட்டுரிமையை ஈந்தது. பல கதவுகளைத் தட்டும் பழக்கம் போய், ஒரே கதவு வந்து சேர்ந்தது எனலாம்.

ஒரே கதவு எனில், அக்கதவு யாருடையது, எப்பொழுது திறந்திருக்கும் என்பவை பெருவினாக்களாகின்றன. அமெரிக்க அரசியலமைப்பு, கலகமோ படையெடுப்போ நேர்ந்து பொதுக் காப்புக்கு வேண்டப்பட்டாலன்றி ஆட்கொணர்வு எழுத்தாணையின் உரிமையை நிறுத்திவைத்தலாகாது என்று விதிக்கின்றது. ஆனால் மனு தள்ளப்பட்டால் மேன்முறையீடு உண்டென்று அவ்வரசியலமைப்பு எங்கும் உறுதி கூறவில்லை. மேன்முறையீடு காங்கிரஸ் என்னும் சட்டமன்று கொடுத்தது. கொடுத்ததை அது திரும்ப வாங்கவும் கூடும்.

திரும்ப வாங்கியும் இருக்கின்றது. உள்நாட்டுப் போர் முடிந்தபின் மிசிசிப்பி மாநிலம் விக்ஸ்பேர்க் நகரிற் பத்திரிகை நடத்திய மக்காடில் என்பவரை 1867ஆம் ஆண்டு இராணுவத்தினர் கைது செய்தனர். மத்திய அரசு தென்மாநிலங்களிற் செய்த சீரமைப்பைக் கண்டித்து அவர் எழுதிய எழுத்துக்களே காரணம். அவருடைய கொள்கை எமக்கு உவப்பானதன்று. விடுதலை பெற்ற அடிமைகளுக்கு உரிமை வழங்குவதை எதிர்த்த கூட்டத்தவர் அவர். ஆனால் சட்டத்தின் வினா ஆளைப் பொறுத்ததன்று. அவர் செய்த ஆட்கொணர்வு மனு கீழ் மன்றிற் தோல்வியுற்றது. அதே 1867ஆம் ஆண்டுச் சட்டமொன்று கொடுத்த உரிமையைக் கொண்டு உயர் நீதிமன்றுக்கு மேன்முறையிட்டார். 1868ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வாதங்கள் கேட்கப்பட்டன. தீர்ப்பு வருமுன், அம்மாதம் 27ஆந் திகதி, சனாதிபதி அன்றூ ஜோன்சனின் மறுப்பையும் மீறிக் காங்கிரஸ் அம்மேன்முறையீட்டுரிமையை நீக்கிவிட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்பொழுதே ஏணியை எடுத்துவிட்டார்கள்! 1869ஆம் ஆண்டில் பிரதம நீதியரசர் சேஸ், எமக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லாது போயிற்று, ஆதலின் தள்ளுகின்றோம் என்று கூறி முடித்தார். நீக்கப்பட்ட உரிமை மீண்டது 1885ஆம் ஆண்டிலேதான்.

தள்ளப்பட்ட மனு மேலே சென்றால் என்ன பயன் என்று கேட்போர்க்கு கிடியன் வழக்கே விடை. புளோரிடா மாநிலத்தில், பில்லியட் விளையாடும் மண்டபம் ஒன்றை உடைத்துப் புகுந்தாரென்று 1961ஆம் ஆண்டிற் குற்றஞ் சாட்டப்பட்ட ஏழை அவர். வழக்கறிஞரை அமர்த்தப் பணமில்லை, ஒருவரைத் தருமாறு கேட்டார், மன்று மறுத்தது, தாமே வாதாடித் தோற்றார். சிறையிலிருந்து மாநில உயர் மன்றுக்கு ஆட்கொணர்வு மனு எழுதினார். அது மறுக்கப்பட்டது. அதன்பின், கோடிட்ட சிறைத் தாளிற் பென்சிலால் எழுதி நாட்டின் உயர் நீதிமன்றுக்கு 1962ஆம் ஆண்டு சனவரியில் அனுப்பினார். 1963ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆந் திகதி நீதியரசர் அனைவரும் ஒருமனதாக, கொடுங் குற்ற வழக்கில் வறியவர்க்கு மாநிலம் வழக்கறிஞரைக் கொடுத்தேயாக வேண்டும் என்று தீர்த்தனர். வழக்கறிஞரோடு நடந்த மறுவிசாரணையில் அவர் குற்றமற்றவரென விடுதலையானார். அந்தப் பென்சில் எழுத்து வேளைக்குச் சேராதிருந்தால் அவ்விதி அன்று பிறந்திராது.

வேளைக்குச் சேருதல் என்பதே இக்கட்டுரையின் நடுப்பொருள். ஆட்கொணர்வு மனு, ஓர் ஆளின் உடலுரிமை பற்றியதாயினும், அமெரிக்க முறையில் அது குடியியல் வழக்காகவே கணிக்கப்படுகின்றது. ஆகவே மத்திய மாவட்ட மன்று அதனைத் தள்ளினால், பொதுவாக 30 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் மன்றிற் தாக்கலாக வேண்டும். அறிவித்தல் நீளமானதன்று. மேன்முறையிடுபவர் யார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்த மன்றுக்கு என்ற மூன்றும் இருந்தாற் போதும். ஒரு தாளில் அடங்கும். நகரில் வாழும் ஒருவர்க்கு இது அரைமணி நேர வேலை. எழுதி எடுத்துப் பதிவாளரின் மேசையிற் கொடுத்து முத்திரை பதிப்பித்து வரலாம். மறியற்காரனுக்கோ அவ்வழி இல்லை.

ஹூஸ்டன் எதிர் லாக் என்னும் வழக்கைப் பார்ப்போம். இதில் ஹூஸ்டன் என்பவர் மறியற்காரர். லாக் என்பவர் சிறை அதிபர். ரெனசி மாநிலத்தில், வழக்கறிஞர் துணையின்றித் தாமே எழுதிய ஆட்கொணர்வு மனுவை 1986ஆம் ஆண்டு சனவரி 7ஆந் திகதி மாவட்ட மன்று தள்ளியது. முப்பதாம் நாள் பெப்ரவரி 6. அவர் பெப்ரவரி 3ஆந் திகதி, அதாவது 27ஆம் நாள், அறிவித்தலை எழுதிச் சிறை அலுவலரிடம் தபாலிற் சேர்க்கக் கொடுத்தார். சிறையிலிருந்து வெளிச் செல்லுந் தபால்களைப் பதியும் ஏட்டில் அத்திகதி எழுதப்பட்டது. சிறையார் அதனை எந்நாள் தபாலிலிட்டனர் என்பதற்கு நேர்ச் சான்று இல்லை. மன்றின் பதிவாளர் பதித்த முத்திரையோ பெப்ரவரி 7, காலை 8.30 மணி என்று காட்டியது. முப்பத்தோராம் நாள்! ஒருநாட் பிந்தியது என்று கூறி மேன்முறையீட்டு மன்று அதனைத் தள்ளிவிட்டது. மனுவில் நியாயம் உண்டோ இல்லையோ, அதனை அவர்கள் திறந்து பார்க்கவேயில்லை.

உயர் நீதிமன்று 1988ஆம் ஆண்டு யூன் 24ஆந் திகதி அத்தள்ளுபடியை நீக்கியது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். நீதியரசர் பிறெனன் எழுதிய தீர்ப்பிற் சட்ட நுட்பத்திலும் பார்க்கச் சிறை வாழ்வு பற்றிய தெளிவே எம்மைக் கவர்ந்தது. ஏனைய வழக்காளிகள் தபாலை நம்பினால் அது அவர்கள் தேர்ந்துகொண்ட வழி. தபால் பிந்துமென்று அஞ்சினால் நேரிற் போகலாம், ஆளனுப்பலாம், தொலைபேசியிற் பதிவாளரைக் கேட்கலாம், வரவில்லையென்று அறிந்தால் இன்னொரு பிரதி கொண்டோடலாம். வழக்கறிஞரற்ற மறியற்காரனுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அவன் தன் தாளை ஒப்படைப்பது யாரிடம்? எவரை எதிர்த்து வழக்காடுகின்றானோ அவருடைய அலுவலரிடம். அவர்களை மேற்பார்க்க அவனால் இயலாது. தாமதிப்பதிலே அவர்களுக்கு நலமும் இருக்கலாம். ஆகையால், சிறை அலுவலர் கையில் ஒப்படைத்த அந்நேரமே மன்றிற் தாக்கலான நேரமாகும் என்று தீர்ப்பாயிற்று. சிறையிலே தபால் ஏடு இருத்தலின் திகதி பற்றிய பிணக்கும் எளிதில் தீரும் என்றனர்.

மாறுபட்ட நால்வர் சார்பில் நீதியரசர் ஸ்கலியா எழுதினார். அவரையுங் கேட்டல் முறை. இவ்விதி நல்லதே, ஆயின் பதிவாளரிடம் தாக்கல் செய்தல் என்று எழுதியிருக்கும்பொழுது சிறைக்காவலரிடங் கொடுத்தலை அதற்குப் பொருளாக்குவது பொருள்கோள் ஆகாது. விதியைத் திருத்த வேண்டுமானால் திருத்தும் வழியால் திருத்துக என்பது அவர் வாதம். வாதத்தில் வலிமை இல்லாமலில்லை. 1993ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு விதிகளிலேயே அது எழுதிச் சேர்க்கப்பட்டுவிட்டது. இன்று மறியற்காரன், இன்ன திகதியில் சிறைத் தபாலிற் கொடுத்தேன், தபாற்செலவு செலுத்தப்பட்டது என்று கையொப்பமிட்ட கூற்றொன்றை அறிவித்தலோடு சேர்த்தாற் போதும்.

இவ்வளவோடு நின்றால் கதை இனிதாகவே முடியும். ஆனால் 2007ஆம் ஆண்டில் வந்த பௌல்ஸ் எதிர் றசெல் என்னுந் தீர்ப்பை விட்டுவிட எம் மனம் ஒப்பவில்லை.

பௌல்ஸ் ஒகையோ மாநிலத்திற் கொலைக் குற்றத்திற்காக 1999ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டவர்; தண்டனை 15 ஆண்டு முதல் ஆயுள் வரை. அவருடைய ஆட்கொணர்வு மனுவை மத்திய மாவட்ட மன்று 2003ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9ஆந் திகதி மறுத்தது. 30 நாட்கள் கழிந்துவிட்டன. தீர்ப்பு வந்த செய்தி உரிய வேளையிற் கிட்டாதவர்க்கு, மேன்முறையீட்டுக் காலத்தை மீளத் திறக்கும் வழி சட்டத்தில் உண்டு. திறந்தால் அது 14 நாட்களுக்கே திறந்திருக்கும். அவர் திசம்பர் 12ஆந் திகதி அவ்வாறு விண்ணப்பித்தார். 2004ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி நீதிபதி இணங்கினார். இணங்கிய கட்டளையில், பெப்ரவரி 27ஆந் திகதிக்குள் தாக்கல் செய்க என்று எழுதினார். 14 நாட்களை எண்ணிப் பார்த்தால் பெப்ரவரி 24 அன்றோ வரும்? நீதிபதி 17 நாட்களைக் கொடுத்துவிட்டார். எவ்வாறு பிழைத்தாரென்பது விளக்கப்படவில்லை. பௌல்சின் அறிவித்தல் பெப்ரவரி 26ஆந் திகதி தாக்கலாயிற்று. நீதிபதி சொன்ன நாளுக்கு ஒருநாள் முந்தி. சட்டஞ் சொன்ன நாளுக்கு இருநாட் பிந்தி.

எம் கல்லூரி நாட்களில் மணி அடித்தபின் வாயிலில் நின்ற அனுபவம் எம்முட் பலர்க்கு உண்டு. பிந்தி வந்ததற்குத் தண்டனை பெற்றதிற் குறை கூறோம். ஆனால், நாளை கல்லூரி எட்டரைக்கே தொடங்கும் என்று ஆசிரியர் ஒருவரே எழுதிப் போட்டிருக்க, எட்டேகாலுக்கு வந்த மாணவனை, மணி எட்டுக்கே அடித்துவிட்டது, ஆசிரியர் எழுதியதை நீ நம்பியிருக்கலாகாது என்று எந்த அதிபரும் திருப்பி அனுப்பமாட்டார்.

உயர் நீதிமன்று திருப்பி அனுப்பியது. இங்கும் ஐவர், நால்வர். நீதியரசர் தோமஸ் எழுதிய தீர்ப்பின் கருத்து இது: 14 நாள் என்பது காங்கிரஸ் சட்டத்திலேயே விதித்த எல்லை, அதனைக் கடந்தால் மேல் மன்றுக்கு விசாரிக்கும் அதிகாரமே பிறப்பதில்லை, இல்லாத அதிகாரத்தை ஒரு நீதிபதியின் பிழையோ இரக்கமோ உண்டாக்க முடியாது. நீதிமன்றின் சொல்லை நம்பி நாள் தவறியவர்க்கு இரங்கும் வண்ணம் 1962, 1964ஆம் ஆண்டுகளில் எழுந்த தீர்ப்புக்களையும் அன்றே கைவிட்டனர். இது கடுமையென்று தோன்றினால் அதனை மாற்றுவது காங்கிரசின் வேலை என்றனர். மக்காடில் வழக்கில் 1869ஆம் ஆண்டிற் கேட்ட குரலே 138 ஆண்டுகளின் பின் மீண்டுங் கேட்கின்றது: கொடுத்தவர் விதித்த அளவே கொடை.

மாறுபட்ட நால்வர்க்காக நீதியரசர் சூற்றர் எழுதியது காரமானது. நீதிபதியின் கட்டளையை ஒருவர் நம்பி நடந்தபின் அந்நம்பிக்கையையே குற்றமாக்குவது நீதித்துறைக்கு அடாது என்றும், அவ்வாறு செய்யச் சட்டம் எம்மைக் கட்டாயப்படுத்தவில்லை என்றும் அவர் கூறினார். நாம் அவர் பக்கமே. விதிகள் உறுதியாயிருத்தல் வேண்டுமென்பதை மறுக்கவில்லை. இன்றேல் எத்தீர்ப்பும் முடிவடையாது. ஆயினும் ஹூஸ்டன் வழக்கில் சிறைத் தபாலின் இயல்பைக் கண்டறிந்த அதே நீதிமன்று, பௌல்ஸ் வழக்கில் நீதிபதியின் கட்டளைக்கு மறியற்காரன் கீழ்ப்படியாதிருப்பது எங்ஙனம் என்று நின்று எண்ணியிருக்கலாம். கட்டளையைச் சரிபார்க்க நாட்காட்டியை எடுக்க வேண்டியவர் யார்?

நாள் தப்பாது சேர்ந்தவர்க்கும் இன்னொரு படலை உண்டு. மாநிலத் தண்டனை பெற்றவர் தள்ளப்பட்ட மனுவை மேலே கொண்டுபோக, மேன்முறையீட்டுக்குத் தக்கது என்னும் சான்றிதழ் பெற வேண்டும். இவ்வகைச் சான்று 1908ஆம் ஆண்டு முதலே உண்டு. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அதன் இன்றைய வடிவம் வந்தது. அரசியலமைப்பு உரிமையொன்று மறுக்கப்பட்டதெனப் போதிய அளவிற் காட்டினாலன்றி அது கிடையாது. ரெக்சாஸ் மாநிலத்தில் மரண தண்டனை பெற்ற மில்லர்-எல் என்னும் கறுப்பினத்தவரின் வழக்கில், யூரிமாராகத் தகுதி பெற்ற கறுப்பினத்தவர் 11 பேருள் 10 பேரை அரச தரப்பு நீக்கியிருந்தது. அப்படியிருந்தும் மேன்முறையீட்டு மன்று சான்றிதழ் மறுத்தது. 2003ஆம் ஆண்டில் உயர் நீதிமன்று, சான்றிதழ் கேட்கும் வேளையில் முழு வழக்கையுந் தீர்த்துவிட முயலாதீர், நியாயமறிந்தோர் ஐயுறத்தக்க வினா உண்டோ என்று மட்டும் பாருங்கள் என்று அறிவுறுத்தி மறுப்பை நீக்கியது. 2005ஆம் ஆண்டில் அவர் வழக்கே வென்றது. வாயிலிலே நிறுத்தப்பட்டவரின் நியாயம் உள்ளே சென்றபின் மெய்யாயிற்று.

பௌல்சை வீழ்த்திய அந்தப் பதினான்கு நாள் விதி 2025ஆம் ஆண்டு யூன் மாதம் மீண்டும் உயர் நீதிமன்றுக்கு வந்தது. பரிஷ் என்னும் மறியற்காரர் தொடர்ந்த அவ்வழக்கு ஆட்கொணர்வு மனுவன்று; சிறையிலே தனிப்படுத்தி வைத்ததற்கு நட்டஈடு கோரியது. அவர் வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருந்தமையால் தீர்ப்பு மூன்று மாதம் பிந்தியே கையிற் கிடைத்தது. கிடைத்ததும் அறிவித்தலை அனுப்பினார். அதன் பின்னரே மாவட்ட மன்று காலத்தை 14 நாட்களுக்கு மீளத் திறந்தது. திறந்த பின்னர் இன்னொரு அறிவித்தல் அனுப்பவில்லையே என்று மேன்முறையீட்டு மன்று தள்ளிற்று. நீதியரசர் சோற்றொமயர் எழுதிய தீர்ப்பு, முந்தி வந்த அறிவித்தல் கதவு திறந்ததும் தானே உள்ளே செல்லும், இரண்டாம் முறை எழுத வேண்டியதில்லை என்று அறுதியிட்டது. முந்தி வந்தவர்க்கு இவ்வாறு இடங் கிடைத்தது. பிந்தி வந்தவர் பற்றிய 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாற்றப்படாமல் இருக்கின்றது.